ஒரே மேய்ச்சல், ஒரே மருந்து: சில ஆடுகளை மட்டும் புழு அசைப்பதில்லையே, ஏன்?

கேள்வி: மேட்டூர் பக்கம் 60 மேச்சேரி செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றுகிறேன். அப்படியும் போன ஐப்பசி மழைக்குப் பிறகு தாடை வீங்கி நான்கு ஆடுகள் செத்துவிட்டன. ஆனால் ஏழெட்டு ஆடுகள் எந்த மழைக்கும் அசைவதே இல்லை. அவற்றுக்குப் பிறவியிலேயே எதிர்ப்பு இருக்குமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இருக்கும். அந்த ஏழெட்டு ஆடுகளை நீங்கள் அடையாளம் கண்டு வைத்திருப்பதே பாதி வேலை. மீதிப் பாதி அவற்றின் புழுக்கையில் இருக்கிறது.

கழிச்சல் இல்லாமல், கண் வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்து ஆடு சாகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுவை. நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். செத்த ஆட்டை அறுத்து அந்த இரைப்பையைத் திறந்தால், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் துண்டுகள் போல நெளியும். ஒரு புழு நாளைக்குக் குடிப்பது 0.05 மில்லிதான். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி போய்விடும். ஒரு பெண் புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும், அத்தனையும் புழுக்கையோடு உங்கள் மேய்ச்சல் நிலத்தில்தான் விழுகிறது.

ஆனால் எல்லா ஆட்டிலும் புழு சமமாக இருப்பதில்லை. பொதுவாக ஒரு பட்டியில் 20 முதல் 30 சதவீத ஆடுகளே 70, 80 சதவீதப் புழுவைச் சுமக்கின்றன. மற்றவை உள்ளே போகும் இளம்புழுவைத் தங்கவிடாமல் தள்ளிவிடுகின்றன, அல்லது வளரவிடாமல் முட்டையிடுவதைக் குறைத்துவிடுகின்றன.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திடமாகத் தெரியும் ஆடெல்லாம் புழுவைத் தடுக்கும் ஆடு அல்ல. சில ஆடுகள் வயிறு நிறையப் புழுவை வைத்துக்கொண்டும் தாங்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாள் முழுக்க முட்டையைக் காட்டில் கொட்டிக்கொண்டே போகும். அதிலிருந்து பொரியும் இளம்புழுவைப் பக்கத்தில் மேயும் குட்டி புல்லோடு தின்று சாகும். உங்கள் ஏழெட்டில் தடுப்பவை எவை, தாங்குபவை எவை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் கண்ணிலிருந்தே தொடங்குங்கள், செலவில்லாதது. தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை உருவாக்கினார்கள். கீழ் இமையின் உட்புற நிறத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை பிரிக்கும்: ஒன்று நல்ல சிவப்பு, ஐந்து காகித வெள்ளை. வெயில் வெளிச்சத்தில் மேல் இமையை மெல்ல அழுத்தி, கீழ் இமையை இறக்கி, தெரிகிற சதையை உடனே பாருங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் நிறம் மாறி ஏமாற்றும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, காதுத் தோட்டு எண்ணோடு நோட்டில் எழுதுங்கள். உண்ணி, கல்லீரல் தட்டைப்புழு, தீவனக் குறைவு இவற்றாலும் கண் வெளுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது புழுக்கைப் பரிசோதனை. ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணுவார்கள். தரையில் கிடக்கும் புழுக்கை வேண்டாம். உறை போட்ட விரலால் ஆசனவாயிலிருந்து நேராக எடுத்து, சின்ன பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, எண் எழுதி, ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே கால்நடை மருந்தகத்திலோ மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவிலோ கொடுங்கள். வெயிலில் வைத்தால் முட்டை பொரிந்து எண்ணிக்கை குறைந்து தெரியும். மருந்து ஊற்றி ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரே வயதில், ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஈன்ற தாய்க்கு எதிர்ப்பு தளர்ந்து முட்டை ஏறும், அந்தச் சமயத்தில் எடுத்துக் கழித்துவிடாதீர்கள். முக்கியமாக, பட்டியில் புழு ஏறியிருக்கும் மழைக்காலத்தில் எடுங்கள். எல்லா ஆட்டிலும் முட்டை ஏறக்குறைய இல்லாத கோடையில் எடுத்தால் யார் கெட்டி என்று தெரியாது.

60 ஆட்டுக்கும் செய்ய வேண்டாம். ஐந்தாறு மாதக் கிடாக்குட்டிகள் பத்துப் பதினைந்துக்குச் செய்தால் போதும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை. இரண்டு தடவையும் குறைவான முட்டை, சிவந்த கண், நல்ல எடை மூன்றும் சேர்ந்த குட்டியே உங்கள் பொலிகிடா. ஒரு பெட்டையின் குணம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு குட்டிக்குப் போகும், கிடாவின் குணம் பட்டி முழுக்கப் போகும். ஆடுகளுக்குள் காணும் வித்தியாசத்தில் கால் பங்கு அளவே பரம்பரையாக இறங்கும் என்பதால் ஒரு ஈற்றில் மாற்றம் தெரியாது. நான்கைந்து வருஷம் விடாமல் செய்ய வேண்டும்.

கென்யாவின் சிவப்பு மாசாய், சுந்தரவனத்தின் காரோல் இரண்டும் இந்த எதிர்ப்புக்குப் பேர்போனவை. அதைக் கேட்டு வெளியிலிருந்து ஆடு வாங்கிக் கலக்க ஆசைப்பட வேண்டாம். காரோல் மிகச் சிறிய ஆடு, உங்கள் சந்தைக்கு எடை வராது. மேச்சேரியிலேயே நல்லவை இருக்கின்றன, நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

அப்புறம், எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். எனக்கு இதில்தான் கவலை அதிகம். அப்படி ஊற்றும்போது மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகுகிறது, எந்த ஆடு கெட்டி என்பதும் மறைந்துபோகிறது. கண் நான்கு, ஐந்து என்றால் கட்டாயம் ஊற்றுங்கள். மூன்று என்றால் குட்டி, சினை, பால் கொடுக்கும் ஆட்டுக்கு மட்டும். எடை போட்டு, மருத்துவர் சொல்லும் முழு அளவு. ஊற்றிய 10 முதல் 14 நாளில் புழுக்கையை மறுபடி பாருங்கள், முட்டை 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தோற்றுவருகிறது, மாற்ற வேண்டும். வருஷத்துக்கு மூன்று தடவை மருந்து கேட்கும் பெட்டையை நோட்டில் வட்டம் போட்டு, சந்தைக்கு அனுப்புங்கள்.

கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திலேயே வியாபாரிக்குப் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம், புழுவைத் தடுக்கும் சக்தி அந்த வயதில் வெளியே தெரியாது. அந்த ஏழெட்டு பெட்டைகள் அடுத்து ஈனும் கிடாக்குட்டிகளுக்குத் தோடு குத்தி, ஒரு மழைக்காலம் தாண்டும் வரை விற்காமல் வையுங்கள்.