பை இல்லாத சட்டை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெயரை வெளியிட வேண்டாம். வயது 34. கல்லூரி முதலாண்டில் தொடங்கிய சிகரெட், இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து. எட்டு வருடமாக ராத்திரியில் கஞ்சா. சிகரெட்டைப் பிரித்து அந்தப் புகையிலையோடு கலந்துதான் சுற்றுவேன். காப்பி ஆறு கோப்பை. முன்பு இரண்டு தடவை மூன்றையும் ஒரே நாளில் விட்டேன். மறுநாளே தலை பிளந்தது, எல்லாவற்றையும் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். இன்னொரு தடவை சிகரெட்டை மட்டும் விட்டு, கஞ்சாவை வைத்துக்கொண்டேன். அதுவும் நிற்கவில்லை.

இப்போது சிகரெட்டையும் கஞ்சாவையும் விட்டு இரண்டு வாரம் ஆகிறது. காப்பிதான் துணை. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மூன்று மணி வரை தூக்கமில்லை, தூங்கினால் பயங்கரமான கனவுகள். நேற்று ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மனைவியிடம் கத்திவிட்டேன். இவ்வளவு நாள் புகை மூடி வைத்திருந்த என் உண்மையான முகம் இதுதானோ என்று பயமாக இருக்கிறது.

ஒவ்வொன்றாக விடுவதா, சேர்த்து விடுவதா? எனக்கு மன உறுதி போதாதா? தியானம் உதவுமா? அப்புறம், கவிதை ஒரு வரிகூட வருவதில்லை. நீங்களும் சிகரெட்டை விட்டவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

இந்த மாதிரிக் கடிதம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது என் வழக்கம். உங்களுக்கும் அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஒரு மாதமாக ஒரு பழைய நண்பரோடு இதே விஷயத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அவருடைய நுரையீரலைச் சோதித்த மருத்துவர் இனி ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இவர் ‘எனக்கு மன உறுதி கிடையாதுப்பா’ என்று சொல்லிக்கொண்டே அடுத்ததைப் பற்றவைக்கிறார். உங்கள் கடிதத்திலும் அதே மன உறுதி. மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் அந்த ‘உண்மையான முகம்’. அதைத் தூக்கிப் போடுங்கள். உங்களுக்குள்ளிருந்து எந்த மிருகமும் வெளியே வரவில்லை. உங்களுக்குக் காப்பி அதிகமாகிவிட்டது. பெரும்பங்கு அவ்வளவுதான்.

காப்பியில் உள்ள காஃபீனைக் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதிதான் சிதைக்கிறது. சிகரெட் புகையின் தாரில் உள்ள சில வேதிப்பொருள்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. இதில் நிக்கோட்டினுக்குப் பங்கில்லை, புகைக்குத்தான். அதனால் புகைப்பவர் உடம்பில் காஃபீன் கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் கழிந்துவிடும். புகையை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் நொதி நிதானத்துக்கு வந்துவிடுகிறது. நீங்கள் குடிப்பது அதே ஆறு கோப்பை, ரத்தத்தில் நிற்பது பத்துப் பன்னிரண்டு கோப்பைக்கு உரியது. ‘காப்பிதான் துணை’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஆறோடு நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. புகைக்காதவர் உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, பதினொரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எங்கே தூக்கம்?

நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல். காஃபீன் மிஞ்சினால் வருபவை இவை. சிகரெட்டை விட்டால் வருபவற்றோடு பெரும்பாலும் ஒத்தும் போகும். அதனால் பழி முழுக்க சிகரெட்டின் மேல் போய்விடுகிறது, ஆறுதலுக்கு இன்னொரு காப்பி உள்ளே போகிறது. முந்தைய தடவைகளில் தலை பிளந்ததற்கும் பெரும்பாலும் காப்பிதான் காரணம். அதைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் காஃபீனை நிறுத்துவதால் வரும் தொந்தரவும் கஞ்சாவை நிறுத்துவதால் வரும் தொந்தரவும் தனித்தனியாக இடம்பெற்றிருக்கின்றன. மூன்றில் ஆகச் சாதுவான பொருள் கொடுத்த வலியைத் தாங்காமல் மற்ற இரண்டிடமும் ஓடியிருக்கிறீர்கள். இதிலே மன உறுதி எங்கே வந்தது?

கனவுகளும் அப்படித்தான். கனவு வரும் உறக்கநிலையைக் கஞ்சா அமுக்கி வைக்கிறது. நிறுத்தினால் அது முண்டியடித்துக்கொண்டு வரும். எரிச்சலும் பசியின்மையும் வியர்வையும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும், கனவு கொஞ்சம் கூடுதலாக இழுக்கலாம். அவற்றுக்கு அர்த்தம் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்னொன்று, உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். சிகரெட்டை மட்டும் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று ராத்திரி கஞ்சாவோடு கலந்தீர்களே, அது என்ன? நிக்கோட்டின் இழுத்த இருபது விநாடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். நாளைக்குப் பதினைந்து, ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்றால் தினமும் 150 முறை மூளைக்கு ஒரு சின்னப் பரிசு. பகலெல்லாம் அதற்காகத் துடித்துக் கிடந்த மூளைக்கு ராத்திரி கொஞ்சம் ஊட்டிவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். பட்டினியும் போடவில்லை, சோறும் போடவில்லை. இவ்வளவு படித்தவர் இதைக்கூடவா யோசிக்கவில்லை?

மன உறுதிக்கு வருகிறேன். சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். தாடையின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டு, செயற்கையாக ஒன்றைப் பொருத்தினார்கள். அந்த வாயோடு சுருட்டையும் விடாமல், எழுதுவதையும் விடாமல் 1939 வரை வாழ்ந்தார். அவருக்கு மன உறுதி குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

மறுபக்கம், நான் இளைஞனாக வேலை பார்த்த பத்திரிகையில் ஒரு மூத்த பிழை திருத்துநர் இருந்தார். உலகத்திலேயே உறுதியற்ற மனிதர். யார் கடன் கேட்டாலும் கொடுத்துவிடுவார். கட்டுரை எழுதியவர் அடம்பிடித்தால் திருத்திய பிழையைக்கூட மறுபடி பிழையாக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் சிகரெட்டை விட்டார். எப்படி என்று பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு புரூஃப் முடிந்ததும் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கொஞ்ச நாள் அந்த வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு தையற்காரரிடம் சொல்லி, பை வைக்காமல் சட்டை தைத்துக்கொண்டார். கை போகும், துணிமேல் வழுக்கும், ஒரு பொத்தானைத் திருகிவிட்டு மேஜைக்கு வரும். பேனாவை எங்கே செருகுவதென்று தெரியாமல் காதில் செருகிக்கொள்வார். சபதமெல்லாம் ஒன்றும் கிடையாது. எங்கள் எல்லோரிடமும் ‘நான் கேட்டாலும் குடுக்காதீங்க’ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

கேட்கவும் செய்தார். ஒரு நாள் பக்கம் முடிக்கிற அவசரத்தில் என்னிடம் வந்து, ‘தம்பி, ஒண்ணு இருந்தா குடு’ என்றார். ‘இல்லையே சார்’ என்றேன். என் சட்டைப்பையில் பாக்கெட்டின் நான்கு மூலையும் துருத்திக்கொண்டு நின்றது. அதை நன்றாகப் பார்த்தார். ‘சரி, இல்லைன்னா இல்லை’ என்று போய் உட்கார்ந்து அடுத்த பத்தியைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அவர் புகைத்து நான் பார்க்கவில்லை.

அவரிடம் இருந்தது உறுதி இல்லை, ஏற்பாடு. தன்னை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் தன்னை நம்ப வேண்டிய அவசியமே வராதபடி சட்டையையும் சுற்றியிருந்தவர்களையும் மாற்றிவைத்தார். மன உறுதியைத் துதிபாடுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். விட்டவனுக்கு அது கர்வத்தைக் கொடுக்கிறது. விட முடியாதவனுக்குச் சாக்கைக் கொடுக்கிறது. என் நண்பரைப் பாருங்கள், ‘உறுதி இல்லை’ என்பதை ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்கிறார், நிம்மதியாகப் புகைக்கிறார்.

2016-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வை இந்த மன உறுதி வீரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். சுமார் 700 பேர். ஒரு பாதி ஒரே நாளில் விட்டது, மறுபாதி இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து விட்டது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் பாதியில் 49 சதவீதம் பேரும் இரண்டாம் பாதியில் 39 சதவீதம் பேரும் புகைக்காமல் இருந்தார்கள். பார்த்தீர்களா, உறுதி வென்றது என்பார்கள். இரண்டு பாதிக்கும் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையும் செவிலியரின் ஆலோசனையும் கிடைத்தன என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பட்டை ஒட்டுவது, நிக்கோட்டின் மெல்லுவது எல்லாம் ஏமாற்று வேலை என்று உங்களுக்கும் ஓர் எண்ணம் இருக்கும். அந்த வீம்பை விடுங்கள். பட்டையில் புகை இல்லை, எனவே காப்பிக் கணக்கும் அதனால் மாறாது.

உங்கள் கேள்வி என்ன? ஒவ்வொன்றாகவா, சேர்த்தா. கலந்து பழகியவர் நீங்கள், ஆகவே சிகரெட்டும் கஞ்சாவும் சேர்ந்துதான் போக வேண்டும். போய்விட்டன, இரண்டு வாரம் தாண்டிவிட்டீர்கள். அதைச் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்களே என்றுதான் வருத்தம். காப்பியை இப்போது முழுக்க விட வேண்டாம், படிப்படியாகப் பாதியாக்குங்கள், மதியத்தோடு நிறுத்துங்கள். பிறகும் படபடப்பு நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள், இதயத்தைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருக்காதீர்கள். தியானம் பிடித்தால் செய்யுங்கள். கவிதை வராவிட்டால் உரைநடை எழுதுங்கள். நான் விட்ட கதையில் ஒரு சுவாரசியமும் இல்லை.

ஒன்று முக்கியம். மனநலத்துக்கு ஏதாவது மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா? கடிதத்தில் இல்லை. குளோசபின், ஒலான்சபின் போன்றவற்றையும் அதே நொதிதான் சிதைக்கிறது. புகையை நிறுத்தினால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். அப்படி ஏதாவது இருந்தால் காப்பியையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாளையே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மனைவியிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்றும் எழுதவில்லை. இன்றைக்கே கேளுங்கள். நொதியைப் பற்றி விளக்க வேண்டாம்.

அன்புடன்.