வேஷத்துக்குள் இருப்பவர் யார்?
(வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: நாடக நடிகர்களின் பழைய அட்டைப் படங்களைச் சேகரிக்கிறேன். சிலவற்றில் படத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஓர் எண் இருக்கிறது. கைமாற்றி விற்றவர்கள் போட்டதா?

பதில்: இல்லை. அது ஸ்டூடியோ போட்ட எண். நெகடிவின் மேல் கறுப்பு மையால் எழுதினால் பிரிண்டில் வெள்ளையாக விழும். மருந்துப் பக்கம், அதாவது ரசாயனப் பூச்சு உள்ள பக்கம் எழுதினால் எழுத்து கூர்மையாக வரும். ஆனால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். ஒரு போட்டோ ஸ்டூடியோவின் டார்க்ரூமில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டதே இதுதான். 3, 7 இரண்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எழுதக் கை பழகுவதற்கு ஒரு வாரம் ஆனது. அந்த எண்ணை அழிக்காதீர்கள், ஓரத்தை வெட்டி பிரேம் போடாதீர்கள். படத்துக்கும், யாரை என்றைக்கு எடுத்தோம் என்று ஸ்டூடியோவில் எழுதிவைக்கிற ரிஜிஸ்தருக்கும் நடுவே இருக்கிற ஒரே கயிறு அது.

கேள்வி: எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் படத்தைப் பற்றிய வழக்கு என்று படித்தேன். ஒரு போட்டோவுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்களா?

பதில்: போனார்கள். அந்தப் படத்துக்குப் பெயரே ஓர் எண்தான்: ‘ஆஸ்கர் வைல்ட், எண் 18’.

எடுத்தவர் நெப்போலியன் சரோனி. 1821இல் கியூபெக்கில் பிறந்தவர். நியூயார்க்கில் பல வருஷம் லித்தோ என்கிற கல்லச்சுத் தொழில் செய்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல்தான் போட்டோ பக்கம் வந்தார். அவர் சகோதரர் ஆலிவர் இங்கிலாந்தில் ஏற்கெனவே பேர் பெற்ற போட்டோகிராபர். சரோனியும் பர்மிங்ஹாமில் சில காலம் ஸ்டூடியோ நடத்திவிட்டு நியூயார்க் திரும்பினார். யூனியன் சதுக்கத்தில் இருந்த அவர் ஸ்டூடியோவுக்கு அப்புறம் நாடக உலகமே வந்து போனது.

அவர் வியாபாரம் நம் வழக்கத்துக்கு நேர்மாறானது. படம் எடுத்துக்கொள்ள வருகிறவர் பணம் தருவதில்லை. புகழ்பெற்ற நடிகைக்கு இவர் பணம் கொடுத்து, படத்தை விற்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். படத்தை நாலேகாலுக்கு ஆறரை அங்குல அட்டையில் ஒட்டி விற்றால் ரசிகர்கள் வாங்கி ஆல்பத்தில் வைப்பார்கள். அதனால் ஒருவரை ஒரே நாளில் பல நிலைகளில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுப்பது வழக்கம். 1882 ஜனவரியில் சொற்பொழிவாற்ற அமெரிக்கா வந்த வைல்டை எடுத்த வரிசையில் வந்ததுதான் 18. வெல்வெட் கோட்டு, முழங்காலோடு நிற்கும் கால்சட்டை, பட்டுக் காலுறை, ஒரு கையில் புத்தகம், இன்னொரு கை தலையைத் தாங்கியபடி. அவருக்கு அப்போது வயது 27.

பரோ-ஜைல்ஸ் என்ற லித்தோ கம்பெனி அதை 85,000 பிரதி அச்சடித்துவிட்டது. சரோனி வழக்குப் போட்டார். கம்பெனியின் வாதம் இரண்டு. ஒன்று, படத்தில் ‘என். சரோனி’ என்று முதல் எழுத்து மட்டும் போட்டது சட்டப்படி போதாது. இரண்டு, போட்டோ எடுப்பது இயந்திரம், அதற்கு ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. 1884 மார்ச்சில் நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. வைல்டை உட்கார வைத்தது, உடையும் திரையும் தேர்ந்தெடுத்தது, வெளிச்சத்தையும் நிழலையும் அமைத்தது, முகத்தில் அந்த உணர்ச்சியை வரவழைத்தது எல்லாம் சரோனியின் மனத்திலிருந்து வந்தவை, ஆகவே படம் அவருடைய படைப்பு என்றது. கிடைத்த தொகை 610 டாலர்தான். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தீர்ப்பு சொந்தம். அதை முதல்முறை படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விளக்கை அரை அடி நகர்த்திவிட்டு வந்து பார்ப்போமே, அந்த அரை அடியை ஒரு நீதிபதி வேலை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்!

கேள்வி: ‘வாண்டாம்’ (Vandamm) என்று முத்திரை போட்ட நியூயார்க் நாடகப் படங்களை எடுத்தவர் ஆணா, பெண்ணா?

பதில்: இருவரும். பிளாரன்ஸ் வாண்டாம் லண்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். 1918இல் ஜார்ஜ் தாமஸ் என்ற அமெரிக்கரை மணந்தார். 1923இல் இருவரும் நியூயார்க் வந்தார்கள். ஸ்டூடியோவில் எடுத்த முகப் படங்கள் பெரும்பாலும் பிளாரன்ஸுடையவை, மேடைக் காட்சிகள் கணவருடையவை. 1944இல் கணவர் இறந்த பிறகு மேடையையும் அந்த அம்மாளே பார்த்துக்கொண்டார். அவர்கள் படங்கள் இப்போது நியூயார்க் பொது நூலகத்தின் நாடகப் பிரிவில் இருக்கின்றன.

அதே நூலகத்தில் ஒயிட் ஸ்டூடியோ என்ற இன்னொரு நிறுவனத்தின் மாதிரிப் புத்தகங்களும் இருக்கின்றன. ஒரு நாடகத்துக்கு எடுத்த படங்களையெல்லாம் சின்னச் சின்ன பிரிண்டாக வரிசைப்படி ஒட்டி எண் போட்டிருப்பார்கள். தயாரிப்பாளர் பார்த்து ‘இந்த எண்ணில் இத்தனை’ என்று ஆர்டர் கொடுப்பார். வியாபாரத்துக்காகச் செய்தது. இன்று ஒரு நாடகத்தில் எந்தக் காட்சிக்கு எந்த செட், யார் எங்கே நின்றார்கள் என்பதை அதில்தான் தேடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் பெரியப்பா நாடக நடிகர்களைப் படமெடுத்தவர். மூன்று பெட்டி நெகடிவும் பத்துப் பதினைந்து கணக்கு நோட்டுகளும் இருக்கின்றன. நெகடிவை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு நோட்டுகளைப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நான் வேலை பார்த்த ஸ்டூடியோ இடம் மாறியபோது நெகடிவ்களைப் பத்திரமாக ஏற்றினோம், ரிஜிஸ்தர்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை. சில வருஷம் கழித்து ஓர் அம்மா வந்தார். அவர் அப்பா நாடகக்காரர். வேஷத்தோடு எங்களிடம் படம் எடுத்துக்கொண்டாராம். மூன்று நாள் லைட் பாக்ஸில் நெகடிவ்களை வைத்துப் பார்த்தோம். ஒட்டுத் தாடி, கிரீடம், புருவத்தில் மை. கடைசியில் ஒரே மாதிரி இருந்த நாலு ராஜாக்களை எடுத்து வைத்தோம். நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “இதில் யார் என் அப்பா என்று தெரியவில்லையே” என்றார். கல்யாணப் படமாக இருந்தால் சொந்தக்காரர் யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்கள். வேஷம் போட்ட முகத்துக்கு ரிஜிஸ்தர் மட்டும்தான் சாட்சி. அதில் ஒரு வரி இருந்திருக்கும்: எண், தேதி, பெயர், எத்தனை காப்பி.

அதனால் நோட்டுகளை முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். நெகடிவ் கவரில் எழுதியிருப்பதையும் விடாதீர்கள். கவர் கிழிந்திருந்தாலும் எறிய வேண்டாம். கண்ணாடித் தகடுகளை அடுக்காமல், நீளப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தி வையுங்கள். பிலிமில் பழுப்பேறி, பிசுபிசுத்து, நெடி அடித்தால் அது நைட்ரேட் என்கிற பழைய வகை பிலிமாக இருக்கலாம். எளிதில் தீப்பிடிக்கும், தனியே எடுத்து வையுங்கள். நோட்டில் உங்கள் பெரியப்பாவின் சுருக்கெழுத்து எதுவும் புரியாவிட்டால் அந்தப் பக்கத்தை அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.