பணம் எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது: கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவி: நிலக்கரி, எண்ணெய் கம்பெனிகளில் போட்ட பணத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் எடுக்கின்றனவாமே சார், நாமும் செய்யலாமே?

எடுக்க, முதலில் அங்கே போட்டிருக்க வேண்டுமே அம்மா! 2030-க்குள் முழுதும் விலகுவதாக கேம்பிரிட்ஜ் 2020-இல் அறிவித்தது. மறு ஆண்டு ஹார்வர்டும் இனி நேரடி முதலீடு இல்லை என்றது. நன்கொடைப் பணத்தைச் சந்தையில் பெருக்குகிறவர்கள் அவர்கள். நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மானியத்திலும் மாணவர் கட்டணத்திலும் ஓடுகின்றன. மிச்சமிருந்தால் வங்கி டெபாசிட். அந்த வங்கி யாருக்குக் கடன் தருகிறது என்று கேளுங்கள், தப்பில்லை. நான் முதலில் ஆய்வகத் தொட்டியைத்தான் பார்ப்பேன்.

அம்பாசமுத்திரம் வாசகர்: தொட்டியில் என்ன இருக்கிறது அண்ணாச்சி?

தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஒரு லிட்டர் தருவதற்குள், அதைக் குளிர்விக்க ஓடும் நல்ல தண்ணீர் பல லிட்டர் சாக்கடைக்குப் போகும். நான் வேலை பார்த்த கல்லூரியில் வருஷக்கணக்காக அப்படித்தான் போனது. அப்புறம் ஒரு அட்டெண்டர்தான் ஹோஸ் மாட்டி டிரம்மில் பிடித்தார். முனைவர் பட்டம் வாங்கிய எங்களுக்கு அது தோன்றவில்லை.

ராதாபுரம் வாசகர்: குவாரிக்காரர் பணத்தில் ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், பணம் யாருடையது என்பதை முதல் பக்கத்தில் போட்டு. முடிவை வெளியிட அவர் அனுமதி வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாபநாசம் ஆய்வு மாணவர்: காரையாறு காணிக்காரப் பழங்குடிகளிடம் மூலிகை விவரம் கேட்டு எழுதுகிறேன். நன்றியுரையில் குறிப்பிட்டால் போதாதா?

போதாது தம்பி. பொதிகைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1987-இல் ஒரு ஆய்வுக்குழு மலையேறியது. இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. கூட வந்த காணி இளைஞர்கள் ஏதோ காயைத் தின்றபடி அலுக்காமல் நடக்கிறார்கள். கேட்டால் சொல்லவில்லை. ரொம்பக் கேட்ட பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம். அதிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு. 1997-இல் அந்தப் பணத்துக்காகக் காணிகளின் அறக்கட்டளையும் வந்தது. அதற்கும், இப்படிப் பலனைப் பங்கிடச் சொல்லும் பல்லுயிர்ச் சட்டம் வந்ததற்கும் இடையே 5 வருஷம். சட்டத்துக்குக் காத்திருக்காமல் செய்ததால் மதிக்கிறேன். ஆனாலும் எல்லாக் குடியிருப்புகளையும் கேட்கவில்லை என்ற மனக்குறை மிஞ்சியது. நீங்கள் ஆய்வேட்டைக் கொடுக்குமுன் காணிக்குடியிருப்பில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள். செடி எந்தப் பாறையோரம் நிற்கிறது என்ற விவரத்தை, அவர்கள் அடிக்கச் சொல்லாவிட்டாலும் நீங்களே எடுத்துவிடுங்கள்.