மூட்டைப்பூச்சியும் பதிவுப் புத்தகமும்

கேள்வி: பாங்கொக், சென்னை என்று சுற்றிவிட்டு வந்து இப்போது எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மச்சான், "நட்சத்திர ஹோட்டலில் படுத்தவனிடம் சொல்ல ஒரு கதையும் இருக்காது. மலிவான அறையில் மூட்டைப்பூச்சியோடு படுத்தவனிடம்தான் அனுபவம் இருக்கும்" என்கிறார். உங்களுக்கும் அப்படி மறக்க முடியாத அனுபவம் உண்டா? புறக்கோட்டையில் நல்ல, மலிவான லொட்ஜ் ஒன்று சொல்வீர்களா?
– ஒரு வாசகர், வத்தளை

பதில்: உங்கள் மச்சானுக்கு எத்தனை நாள் லீவு கிடைத்தது? நாலு இரவு மூட்டைப்பூச்சிக்குப் படியளந்துவிட்டு, ஐந்தாம் நாள் உங்கள் வீட்டுக் கட்டிலில் வந்து விழுந்தவர்தான் இப்படிப் பேசுவார். மாதக்கணக்கில் படுத்தவருக்குப் பேச எங்கே நேரம்? சொறியவே சரியாக இருக்கும்.

அந்தப் பூச்சிக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஏழைகளின் பூச்சி என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். அது அழுக்கைத் தின்பதில்லை. அதற்கு வேண்டியது இரத்தம்; நம் உடம்புச் சூட்டையும் மூச்சையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறது. ஊர்விட்டு ஊர் போவது பயணிகளின் பெட்டிக்குள். நட்சத்திர ஹோட்டல் மெத்தைக்கும் அப்படித்தான் போய்ச் சேருகிறது. அங்கே கண்டவுடன் மருந்தடிக்க ஆள் வரும். இங்கே "நேற்று இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்ற பதில் வரும். அறை கொஞ்ச நாள் காலியாகக் கிடந்தது என்று நம்பியும் படுக்காதீர்கள். வளர்ந்த பூச்சி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

சரி, என் கதை. 1996. நேர்முகத் தேர்வுகள் இரண்டுக்காகப் பண்டாரவளையில் இரவு மெயில் ஏறி, விடியுமுன் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கினேன். ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருஷம் அது. தமிழ்ப் பெயரோடு அறை கேட்டால் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். புறக்கோட்டையில் 'ஹோட்டல்' என்று போர்டு போட்டிருந்தால் கொத்து கிடைக்குமே தவிர கட்டில் கிடைக்காது என்பதே எனக்கு அன்று காலைதான் தெரிந்தது. கடைசியில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு லொட்ஜ் அகப்பட்டது.

ஒரே அறையைப் பலகையால் மறித்து இரண்டாக்கியிருந்தார்கள். பலகை முகட்டைத் தொடவில்லை. மேலே இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு டியூப் லைட். சுவிட்ச் பக்கத்து அறையில். அங்கே இருந்தவர் வடமராட்சிக்காரர், ஐம்பது வயது இருக்கும். முதல் இரவு ஒன்பது மணிக்குப் பலகைக்கு மேலால் குரல் வந்தது.

"தம்பி, லைற்றை நூர்க்கட்டோ?"

நான் மறுநாளைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் அரை மணித்தியாலம் ஐயா" என்றேன். மனிதர் கண்ணில் துவாயைக் கட்டிக்கொண்டு அந்த அரை மணித்தியாலமும் சும்மா படுத்திருந்திருக்கிறார். அடுத்த இரவும் அப்படியே படுத்திருந்ததைக் கதவிடுக்கால் கண்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் இரவு பொலிஸ் செக்கிங் வந்தது. பண்டாரவளை விலாசம் பார்த்துவிட்டு என்னை நாலு கேள்வியோடு விட்டார்கள். அவரைக் கீழே கூட்டிப்போனார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு, லொட்ஜ் பதிவுப் புத்தகம், மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்பொன்சர் கடிதம், எல்லாம் பார்த்து முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. படியேறி வந்தவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் அதே குரல்: "படிக்கிறியளோ தம்பி, நூர்க்கட்டோ?"

எட்டு மாதமாக அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தார். ஒரு வார்த்தை மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொன்னதில்லை. எந்தக் கடையில் இடியப்பம் நல்லது, ஐந்தரைக்குப் பிந்தினால் சொதியில் தண்ணீர் எப்படி ஏறிவிடும், இவைதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த அனுபவங்கள். பாஸ்போர்ட், விசா, ஏஜென்சி, பெரியாஸ்பத்திரி என்று வடக்கு கிழக்கிலிருந்து வந்து காத்துக்கிடந்தவர்களால்தான் அந்தக் காலத்தில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்கள் நிரம்பின.

காத்துக்கிடப்பதையே குற்றமாக்கிய நாளும் வந்தது. 2007 ஜூன் 7. விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் புகுந்து, கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமராக இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். உங்கள் மச்சானின் 'மலிவான அறை' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும்.

சென்னையில் அவர் எப்படிச் சமாளித்தார் என்று அறிய எனக்கு உண்மையிலேயே ஆசை. அங்கே வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் யாரைத் தங்கவைத்தாலும் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அவரைப் பற்றிய படிவம் ('சி' படிவம் என்று சொல்வார்கள்) அனுப்ப வேண்டியது லொட்ஜ்காரரின் கடமை. சின்ன லொட்ஜ்காரர் பலருக்கு அந்தத் தலையிடி வேண்டாம். எழும்பூர் ஸ்டேஷனுக்குக் கிட்ட நான் ஏறி இறங்கிய முதல் மூன்று இடத்திலும் முகத்தைப் பார்த்து "வாங்க சார்" என்றவர்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து "சிலோனா? ரூம் ஃபுல் சார்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் அப்படிச் சொன்னவருடைய முதுகுக்குப் பின்னால் பதினொரு சாவி தொங்கியது. எண்ணிவிட்டுத்தான் வெளியே வந்தேன். நாலாவது இடத்தில் இரட்டிப்பு வாடகை. அங்கே மூட்டைப்பூச்சி இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கரப்பான் இருந்தது.

மலிவான அறையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. காசில்லாத காலத்தில் எனக்கும் கூரை தந்தவை அவைதான். எடுப்பதானால் முற்பணம் கொடுக்குமுன் மேலே போய்ப் பாருங்கள். மெத்தையின் மூலையைத் தூக்கி, தையலோரமாக ஃபோன் லைட்டைப் பிடியுங்கள். பேனா மை தெறித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். பெட்டியைக் கட்டிலில் வைக்க வேண்டாம். சொந்தப் பூட்டு ஒன்று கையில் இருக்கட்டும். சுவிட்ச் எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லொட்ஜின் பெயர் கேட்டீர்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை. வத்தளையிலிருந்து பஸ் ஏறினால் புறக்கோட்டை. சொந்த வீடு இவ்வளவு கிட்ட இருக்க உங்களுக்கு அங்கே அறை எதற்கு? மச்சானுக்கென்றால் தனிக் கடிதம் போடுங்கள், பெயரோடு போகும் வழியும் எழுதி அனுப்புகிறேன்.