யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நட்சத்திரப் பட்ச்வேர்க் போர்வை தைக்க முடியுமா? நத்தாருக்கு ஒன்று, கனடா தினத்துக்கு ஒன்று வேண்டும்

முடியும். நான் இரண்டு தைத்து முடித்துவிட்டேன், மூன்றாவது இப்போது மெசினில் கிடக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்குச் சிவப்பு வெள்ளையில் ஒன்றும் நத்தாருக்கு ஒன்றும் தைத்து அனுப்ப வேண்டும், சட்டை தைக்கத் தெரியும், ஆனால் துண்டுத்துணி ஒட்டித் தைத்த பழக்கம் இல்லை, இங்கே அதற்குரிய சாமான்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாமான் எல்லாம் இங்கேயே கிடைக்கும். ஆளைப் படுத்துவது வெள்ளியின் முனைதான். (எங்கள் வீட்டில் நட்சத்திரத்தை வெள்ளி என்றுதான் சொல்வோம், அப்படியே எழுதுகிறேன்.)

என் முதல் போர்வையில் இருபது வெள்ளி. தைத்து முடித்து விறாந்தையில் விரித்துப்போட்டபோது அம்மா குனிந்து ஒரு வெள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, இதுகளுக்கு மூக்கு அறுந்துபோய்க் கிடக்குது" என்றார். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வெள்ளிக்கு முனை மொட்டையாக இருந்தது, கூராக வர வேண்டிய இடம் தையலுக்குள் போய்விட்டது. அன்று இரவு நித்திரையே வரவில்லை. அந்த ஒன்பதையும் பிரித்துத் திரும்பத் தைக்க மூன்று கிழமை பிடித்தது.

காரணம் இதுதான். சட்டை தைக்கும்போது நாங்கள் பிறகு பெருப்பிக்கலாம் என்று அரை அங்குலம், முக்கால் அங்குலம் துணி உள்ளே விடுவோம், கொஞ்சம் அங்கே இங்கே போனாலும் உடம்பில் போட்டால் தெரியாது. இந்த வேலையில் எல்லாத் தையலும் ஓரத்தில் இருந்து சரியாகக் கால் அங்குலம். ஒரு வரிசையில் நான்கு வெள்ளி வைத்தால் குறுக்கே பன்னிரண்டு துண்டு வரும், பதினொரு தையல் வரும். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனால் கடைசியில் அந்த வரிசை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். அடுத்த வரிசையை அதோடு பொருத்தும்போது இழுத்து இழுத்துத் தைப்போம், முனை எல்லாம் அப்போதுதான் போகிறது.

ஆகவே துணி வாங்கப் போகுமுன் மெசினைச் சரிபண்ணுங்கள். என்னுடையது அம்மம்மாவின் பழைய சிங்கர் மிதி மெசின், கால் அங்குலப் பாதம் எல்லாம் அதற்குக் கிடையாது. ஊசியை ஒரு கடதாசியில் இறக்கி, ஊசியில் இருந்து வலப்பக்கம் கால் அங்குலம் அளந்து, அந்த இடத்தில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரை நாலைந்து மடிப்பாகத் தகட்டில் ஒட்டிவிட்டேன். துணியின் ஓரம் அந்தத் தடிப்பில் முட்டிக்கொண்டே போகும். பிறகு ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று நாடா வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, மினுக்கிவிட்டு நடு நாடாவை அளந்து பாருங்கள். சரியாக ஒரு அங்குலம் இருந்தால் உங்கள் மெசின் தயார். கூடினாலோ குறைந்தாலோ பிளாஸ்ரரை அரக்கி வையுங்கள். எனக்கு ஐந்தாவது தடவைதான் சரிவந்தது.

எந்த வெள்ளி என்றால், முதல் தடவைக்கு அமெரிக்காவில் சோடூத் ஸ்டார் என்கிற வாள்பல் வெள்ளியைத்தான் சொல்வேன். நடுவில் ஒரு பெரிய சதுரம், நான்கு மூலையிலும் சின்னச் சதுரம், நான்கு பக்கமும் கூரை முகடு மாதிரி ஒரு துண்டு. அந்தக் கூரையின் இரண்டு சரிவும் வெள்ளிக்கு எடுத்த நிறத்தில், கூரைக்குள் இருக்கும் முக்கோணம் பின்னணி நிறத்தில். தைத்து முடிந்தால் 12 அங்குலம் வரும் ஒரு வெள்ளிக்கு: வெள்ளிக்கு எடுத்த நிறத்தில் ஆறரை அங்குலச் சதுரம் ஒன்று, 3⅞ அங்குலச் சதுரம் நான்கு. பின்னணி நிறத்தில் ஏழேகால் அங்குலச் சதுரம் ஒன்று, மூன்றரை அங்குலச் சதுரம் நான்கு. குறுக்கே நான்கு, நீளத்துக்கு ஐந்து என்று இருபது வெள்ளி வைத்தால் 48க்கு 60 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றே முக்கால் மீற்றர் எடுத்தால் சுருங்குவதற்கும் சேர்த்துப் போதும்.

கூரைகளை ஒவ்வொன்றாக முக்கோணம் வெட்டித் தைக்காதீர்கள். ஏழேகால் அங்குலச் சதுரத்தை நல்ல பக்கம் மேலே பார்க்க வைத்து, எதிரெதிர் மூலைகளில் 3⅞ அங்குலச் சதுரம் இரண்டைக் கவிழ்த்து வையுங்கள், நடுவில் இரண்டும் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அப்படித்தான் ஏற வேண்டும். மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து, பிறகு கோட்டிலேயே வெட்டினால் இரண்டு துண்டு வரும். சின்ன முக்கோணங்களை வெளியே மடித்து மினுக்கினால் ஒவ்வொன்றும் இதயம் மாதிரி இருக்கும். மிச்சம் இருக்கும் மூலையில், ஒவ்வொன்றிலும் இன்னொரு சின்னச் சதுரத்தைக் கவிழ்த்து, இரண்டு முக்கோணத்துக்கும் நடுவால் போகும்படி மூலைக்கோடு போட்டு, அதே மாதிரி இரு பக்கமும் தைத்து வெட்டுங்கள். ஒரே தடவையில் நான்கு கூரை, துணி வீண் இல்லை.

இப்போது ஒரு கூரையை எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முகட்டில் இரண்டு தையல் குறுக்கே வெட்டி ஒரு சின்னப் பெருக்கல் அடையாளம் போட்டிருக்கும். அந்த அடையாளத்துக்கு மேலே ஓரம் வரைக்கும் கால் அங்குலத் துணி மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவையுங்கள், எப்படித் தைத்தாலும் அதில் முனை வராது. நடுச்சதுரத்தோடு தைக்கும்போது கூரையின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி மேலே வைத்து, ஊசி அந்த அடையாளத்தின் நடுவிலோ ஒரு நூல் ஓரப்பக்கமாகவோ போகும்படி தையுங்கள். ஒரு நூல் உள்ளே போனால் முனை வெட்டுப்படும். நான் அந்த இடத்துக்கு வரும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சில்லைக் கையால் சுற்றித்தான் தைப்பேன். நடுச்சதுரத்தில் நான்கு பக்கமும் இது வருகிறது, நான்கு தடவையும் நிறுத்துவேன்.

குறோஸாக, அதாவது துணியின் இழைக்குச் சரிவாக வெட்டுப்பட்ட ஓரம் இழுபடும் என்பது தைக்கிற உங்களுக்குத் தெரியும். அதற்கு எங்கள் வீட்டு மருந்து சோற்றுக் கஞ்சி. வெட்டுமுன் துணியைத் தோய்த்து, கஞ்சி போட்டு, காயவைத்து மினுக்கினால் துணி கடதாசி மாதிரி நிற்கும், வெட்டவும் சுகம், கோடு போடவும் சுகம். வெளிநாட்டில் இதற்கென்றே ஸ்பிறே விற்கிறார்கள், எங்களுக்குத் தேவையில்லை. தைத்து முடிந்ததும் நன்றாக அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் கஞ்சிக்கு வந்து துணியைத் தின்னும். தைத்த துண்டை மினுக்கும்போது அயன் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இழுத்தால் முக்கோணம் கோணும்.

துணி தனிப் பருத்தியாக இருக்கட்டும். ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும், பொலியஸ்ரர் உருகிக் குண்டுமணி மாதிரி இறுகும். பொலியஸ்ரர் கலந்த துணியில் மடிப்பு நிற்காது, முனையும் நிற்காது.

சிவப்பும் வெள்ளையும் சேர்க்கும்போதுதான் மிகப் பெரிய கவனம் வேண்டும். டவுனில் ஒரு கடையில் நல்ல கடும் சிவப்புப் பொப்லின் எடுத்தேன், சாயம் போகாது என்றுதான் சொன்னார்கள். நான்கு வெள்ளி தைத்து, சும்மா பார்ப்போம் என்று ஒன்றைத் தண்ணீரில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வெள்ளை முழுக்க ரோசாப்பூ நிறம். அழுதேவிட்டேன். உப்பு, வினாகிரி போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், இப்போதைய சாயத்துக்கு அதை நம்ப ஏலாது. சிவப்பைச் சுடுதண்ணீரில் ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து ஊறவையுங்கள், அந்த வெள்ளைத் துண்டு வெள்ளையாகவே வெளியே வரும்வரை திரும்பத் திரும்பத் தோய்த்து ஊறவையுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகும் சாயம் போனால் அந்தத் துணி இந்த வேலைக்கு வேண்டாம், பாவாடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாக் கொடியில் வெள்ளி இல்லை, மேப்பிள் இலைதான், அந்தக் கொடி 1965இல் வந்தது. ஆகவே நீங்கள் நிறத்தை மட்டும் எடுக்கிறீர்கள், அதுதான் எனக்கும் பிடித்தது. கொடித் துணியையே வெட்டிப் போர்வையில் வைக்க எனக்கு மனம் வராது. வெள்ளி வைத்த நாட்டுப்பற்றுப் போர்வை அமெரிக்காவில் இருந்து வந்த வழக்கம். அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இலேயே ஒரு பெண்கள் சஞ்சிகை அப்படிப்பட்ட போர்வைக்கு வரைபடம் போட்டிருந்தது, அன்றைக்கு மாநிலம் 34, வெள்ளியும் 34. 2003இல் ஈராக்குக்குப் போன ஒரு மகனின் தாய் தொடங்கியதுதான் போரில் இருந்தவர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் குவில்ட்ஸ் ஒஃப் வேலர் இயக்கம். லகோட்டா பழங்குடி மக்கள் பிறப்புக்கும் இறப்புக்கும் வெள்ளிப் போர்வை கொடுக்கிறார்கள், அவர்களுக்கு அது விடிவெள்ளி.

இதெல்லாவற்றிலும் என்னைப் பிடித்து நிறுத்தியது ஹவாய்தான். 1893இல் அங்கே அரசாட்சியைக் கவிழ்த்த பிறகு பெண்கள் தங்கள் கொடியைப் போர்வையில் வைத்துத் தைத்தார்கள், அப்படிப்பட்ட போர்வைக்கு "என் அன்புக்குரிய கொடி" என்று பொருள்படும் பெயர். 1895இல் இயோலானி மாளிகையில் அடைத்துவைக்கப்பட்ட ராணி லிலியுவோகலானி, துண்டுத்துணிகளைச் சேர்த்து, பெயர்களையும் திகதிகளையும் நூலால் எழுதி ஒரு போர்வை தைத்தார். அது இன்னும் அதே மாளிகையில் இருக்கிறது. அதைப் படித்த நாளில் இருந்து என் போர்வைகளின் பின்பக்க மூலையில் யாருக்கு, எந்த ஊரில், எந்தத் திகதியில் தைத்தது என்று நூலால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள், அக்காவின் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

உள்ளே வைக்கும் பஞ்சு பற்றி. எங்கள் வெக்கைக்குப் பொலியஸ்ரர் பஞ்சு வைத்தால் யாரும் போர்க்க மாட்டார்கள். கனடாவுக்கு அனுப்புவதென்றாலும் வேண்டாம், பொதி பெருக்கும், அங்கே வீட்டுக்குள் ஹீற்றர் ஓடும். நான் நடுவில் பழைய பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாக வைக்கிறேன், அடியில் அப்பாவின் பழைய வேட்டி. வெள்ளி தைத்த மேல்துணி, சேலை, வேட்டி மூன்றையும் நிலத்தில் விரித்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகிறமாதிரி நீட்டு நூலோட்டம் போட்டுப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும். பிறகு ஒவ்வொரு வெள்ளியையும் சுற்றிக் கையால் சின்ன நூலோட்டம். என் அம்மம்மா உடுவிலில் படித்தவர், 1824இல் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலை அது, அவருடைய நூலோட்டம் அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு மாதிரி இருக்கும். என்னுடையது அப்படி இல்லை, ஆனால் பிடித்து நிற்கிறது.

நத்தார்ப் போர்வைக்குக் கடைத் துணி வாங்கவேயில்லை. அம்மாவின் அரக்குச் சிவப்புப் பருத்திச் சேலை ஒன்று, இலைப்பச்சை ஒன்று, பின்னணிக்குச் சந்தன நிற வொயில். சேலையை வெட்டுவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சின்ன விசயம் இல்லை. 2009இல் வன்னியில் பங்கருக்கு மண்மூட்டை தைக்க நல்ல சேலைகளை எல்லாம் வெட்டினார்கள், என் சின்னம்மாவும் வெட்டினார். அதனால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முந்தானையை மட்டும் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வெட்டு என்றார். முந்தானைக் கரையைத்தான் கடைசியில் போர்வையின் சுற்று ஓரமாக வைத்தோம். நத்தார் வெள்ளி கட்டும் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் மார்கழி முழுக்கத் தங்கள் சுவரில் தொங்கவிட்டார்கள்.

மெசினில் இருக்கும் மூன்றாவது, தைப்பொங்கலுக்கு. லோன் ஸ்டார் என்கிற ஒற்றைப் பெரிய எட்டுமுனை வெள்ளி, முழுக்க வைரத் துண்டுகள், நடுவில் மஞ்சள், பிறகு செம்மஞ்சள், வெளியே போகப்போகச் சிவப்பு. விரித்துப் பார்த்தால் சூரியன்தான். ஆனால் நீங்கள் இதில் தொடங்க வேண்டாம், வைரத் துண்டின் ஓரம் குறோஸாக இருப்பதால் கொஞ்சம் பிசகினாலும் நடு எழும்பிக் குடை மாதிரி நிற்கும். கனடா தினம் ஆடி (யூலை) முதலாந் திகதி, அதற்கு அனுப்ப வேண்டுமென்றால் தை மாதமே இருபது வாள்பல் வெள்ளியைத் தொடங்குங்கள், கிழமைக்கு இரண்டு என்று தைத்தாலும் கைத்தையலுக்கும் பொதி போய்ச் சேரவும் நாள் இருக்கும். அனுப்புமுன் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தடவை தோய்த்து நிழலில் காயவைத்துவிடுங்கள், வெயிலில் போட்டால் சிவப்பு ஒரு பக்கம் மங்கும்.