குகை ஆராய்ச்சி படிக்கப் போகிறேன் என்று நிற்கும் மகள்: திருகோணமலைத் தாய் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

சனிக்கிழமை நீங்கள் வந்தபோது வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேனே என்ற உறுத்தல் எனக்குள் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சம்மதித்தபடி பெயர், தெரு எதுவும் இல்லாமல் பொதுவிலும் போடுகிறேன். சாதாரண தரப் பெறுபேறு வந்திருக்கும் இந்த நேரத்தில் வேறு வீடுகளிலும் இதே மாதிரிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

"குகையைப் பற்றிப் படிக்கப் போறன் எண்டு நிக்கிறாள் ரீச்சர். பாம்பும் வௌவாலும் கிடக்கிற இடத்துக்குள்ள பொம்பிளைப் பிள்ளையை அனுப்பேலுமே? நீங்கள்தான் மனதை மாத்திவிட வேணும்" என்றீர்கள். கட்டாரில் இருக்கும் தகப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னீர்கள். மனதை மாற்றும் வேலையை நான் செய்யப்போவதில்லை, தங்கச்சி. ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. அந்தப் பாதியில் இருந்தே தொடங்குகிறேன்.

இத்தனை வருடத்தில் நம் நாட்டு வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ "குகை ஆய்வாளர் தேவை" என்று ஒரு விளம்பரத்தை நான் கண்டதில்லை. மகளிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். குகையியல் என்ற பெயரிலேயே பட்டம் வாங்கி, அந்தப் பெயரிலேயே ஊரில் வேலை எடுக்கலாம் என்று அவள் நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே திருத்த வேண்டும்.

ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். "ஆஸ்பத்திரி" என்று ஒரு படிப்பு கிடையாது. வைத்தியர், தாதி, மருந்தாளர், ஆய்வுகூடக்காரர் என்று ஆளுக்கொரு படிப்போடு அதற்குள் போகிறார்கள். குகையும் அப்படித்தான். பாறை படித்தவர் பாறையைப் பார்க்கப் போகிறார். விலங்கியல் படித்தவர் வௌவாலையும் கண் தெரியாத பூச்சியையும் பார்க்கப் போகிறார். தொல்லியல்காரர் தரையைத் தோண்டுகிறார், இரசாயனம் படித்தவர் கூரையில் இருந்து சொட்டும் தண்ணீரைப் போத்தலில் பிடிக்கிறார். ஆகவே மகளிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உள்ளே போய் நீ எதைப் பார்க்கப் போகிறாய்?" அதற்கு அவள் சொல்லும் பதிலில்தான் அவளுடைய படிப்பு இருக்கிறது.

அந்தப் பதில் என்ன என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். நீங்கள் வெளியே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் சொட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னாள். ஒரு சொட்டு எப்படிக் கல்லாகிறது என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் உங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கேத்தலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெள்ளையாக ஒரு படை பிடித்திருக்கும், சுரண்டினாலும் லேசில் போகாது. அவளுடைய கேள்விக்குப் பதில் அந்தக் கேத்தலுக்குள் இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான வருடங்கள் இப்படி அரித்து அரித்துத்தான் குகை உண்டாகிறது. அதே தண்ணீர் குகைக் கூரையில் வந்து தொங்கும்போது, கரைந்திருந்த காபனீரொட்சைட்டு காற்றுக்குப் போய்விடுகிறது. தண்ணீரால் அதன்பிறகு சுண்ணாம்பைத் தாங்க முடியாது, கல்லாக விட்டுவிடுகிறது. கேத்தலில் அடுப்புச் சூடு நிமிடக் கணக்கில் செய்துவிடுவதைக் குகை சூடில்லாமல் மிக மெதுவாகச் செய்கிறது. கூரையில் விழுதும் தரையில் முளையும் அப்படித்தான் வளர்கின்றன. பல குகைகளில் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவே வளரும்.

இப்படி மெதுவாக வளர்வதால்தான் அந்தக் கல்லுக்கு மதிப்பு. அதைக் குறுக்கே வெட்டினால் மரத்தின் வளையம் போல அடுக்கு அடுக்காக இருக்கும். யுரேனியம் தோரியமாக மாறும் அளவை வைத்து ஒவ்வொரு அடுக்கின் வயதையும் கணிக்கிறார்கள். அடுக்கில் உள்ள ஒட்சிசன் சமதானிகளின் (ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்களின்) விகிதத்தை அளந்து அந்தக் காலத்தில் மழை கூடியதா குறைந்ததா என்று சொல்கிறார்கள். இந்தியாவின் மேகாலயாவில் மவ்ம்லு என்ற குகையில் இருந்து எடுத்த ஒரு கல்முளை, ஏறத்தாழ 4,200 வருடங்களுக்கு முன் பருவமழை பலமாகத் தளர்ந்ததைக் காட்டியது. 2018இல் உலகப் புவிச்சரிதவியலாளர்கள் நாம் இப்போது வாழும் காலப்பிரிவுக்கு மேகாலயக் காலம் என்றே பெயர் வைத்தார்கள். அதன் தொடக்கக் குறியாக எடுத்துக்கொண்டது அந்தக் கல்லைத்தான். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற உங்கள் அண்ணரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மழை பொய்த்த காலங்களின் கணக்கு ஒரு கல்லுக்குள் இருக்கிறது என்றால் அவர் வேலையை விட்டுவிட்டுக் கேட்பார்.

இனி வேலை விடயம். நம் நாட்டின் பெரும்பகுதி பழைய உருமாறிய பாறை. தம்புள்ளையில் நாம் பார்ப்பதும் அந்த வகைதான், தண்ணீர் கரைத்து உண்டாக்கிய குகை அல்ல. இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனே போன்ற சில இடங்களில்தான் சுண்ணாம்புக் குகை இருக்கிறது. பெரிய அளவில் சுண்ணாம்புக்கல் கிடப்பது வடமேற்குக் கரையிலும் யாழ் குடாநாட்டிலும். குடாநாட்டின் குடிதண்ணீர் பெரும்பாலும் அந்தக் கல்லின் துளைகளுக்குள்ளும் வெடிப்புகளுக்குள்ளும்தான் கிடக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படியொரு துவாரம்தான்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். மண்ணில் தண்ணீர் வடிகட்டப்பட்டு இறங்குவதுபோல சுண்ணாம்புக்கல் வெடிப்பில் வடிகட்டப்படுவதில்லை. தோட்டத்தில் போட்ட உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் நேரே கிணற்றுக்கு வருகின்றன. நைத்திரேற்றுப் பிரச்சினை என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதற்கு இந்தக் கல்லின் அமைப்பும் ஒரு காரணம். குகையை அறிந்தவருக்கு இந்தத் தண்ணீர் போகும் பாதை புரியும். அப்படிப்பட்டவர்கள் நமக்குக் கட்டாயம் வேண்டும். எனக்கு ஆசை என்று கேட்டால், இந்தப் பிள்ளை ஒருநாள் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதுதான்.

புவிச்சரிதவியல் படித்தவருக்கு நீர்வள சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம், மண்சரிவைக் கண்காணிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று இடங்கள் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே புல்மோட்டையில் கனிய மணல் எடுக்கிறார்கள். ஆட்சேர்ப்பு எப்போதும் திறந்திருக்காது, பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் காத்திருக்க நேரலாம். தகப்பனிடம் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொல்லியல் பக்கம் போனால் கதை வேறு. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன்கல குகையில் ஏறக்குறைய 48,000 வருடங்களுக்கு முற்பட்ட எலும்பு அம்புமுனைகள் கிடைத்ததை 2020இல் அறிவித்தார்கள். ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. மகளுக்கு அதில் நாட்டம் இருந்தால் கலைப்பிரிவில் இருந்தும் போகலாம். அவள் பேச்சில் நான் அதைக் காணவில்லை.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். 2018இல் தாய்லாந்தில் பந்து விளையாடும் 12 பெடியன்களும் பயிற்றுநரும் குகைக்குள் அகப்பட்டதை நாளெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தேன் என்று சொன்னீர்கள். நானும் பார்த்தேன். யூன் 23 உள்ளே போனவர்கள், கடைசி ஆள் வெளியே வந்தது யூலை 10. காற்றுச் சிலிண்டர் கொண்டுபோன ஒருவர் உயிரையே கொடுத்தார். ஆனால் அவர்கள் அகப்பட்டது மழைத்தண்ணீர் ஏறி வழியை அடைத்ததால். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் முதலில் வானிலையைத்தான் பார்ப்பார்கள். மழை அறிகுறி இருந்தால் பயணம் நிற்கும். தனியே போவதில்லை. தலைக்கவசம், ஆளுக்கு மூன்று விளக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவது எல்லாம் கட்டாயம். வௌவால் எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சணம் இருக்கலாம், அதற்கு முகக்கவசம் போடுவார்கள். குகைக்கும் நம்மால் கேடு வரும். பிரான்சின் லாஸ்கோ குகையைப் பார்க்க வந்தவர்களின் மூச்சாலும் வெப்பத்தாலும் பழங்கால ஓவியங்கள் பழுதாகத் தொடங்கி, 1963இல் அதைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். ஒழுங்கு தெரியாதவர்களை ஆராய்ச்சிக் குழுவில் சேர்க்கவே மாட்டார்கள்.

"பொம்பிளைப் பிள்ளை" என்று சொன்னீர்களே, அதற்கும் ஒரு சேதி இருக்கிறது. 2013இல் தென்னாபிரிக்காவில் ரைசிங் ஸ்டார் என்ற குகைக்குள் ஆதிமனித எலும்புகள் கிடந்தன. போகும் வழியில் ஓரிடம் 18 சென்ரிமீற்றர் அளவுதான் அகலம். உடல் மெலிவும் அறிவியல் படிப்பும் குகை அனுபவமும் சேர்ந்த ஆட்களைக் கேட்டு அறிவித்தார்கள். தெரிவான ஆறு பேரும் பெண்கள். அவர்கள் இறங்கி எடுத்த எலும்புகளை வைத்துத்தான் 2015இல் ஹோமோ நலேடி என்ற புதிய மனித இனத்தை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

ஒன்றில் மட்டும் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறேன். இந்த வயதில் கூட்டாளிகளோடு பழைய சுரங்கம், போர்க்காலப் பதுங்குகுழி, காட்டுக் கற்குகை என்று எதற்குள்ளும் அவள் இறங்கக் கூடாது. நிலாவெளியில் சுழியோடப் பழகினாலும் அந்தச் சான்றிதழ் குகைத் தண்ணீருக்குச் செல்லாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

உயர்தரத்துக்கு என்ன எடுப்பது? கணிதமா உயிரியலா என்று வீட்டில் சண்டை வேண்டாம். இரண்டு பிரிவில் இருந்தும் விஞ்ஞான பீடத்துக்குப் போகலாம். பொறியியல் பக்கம் போக நினைத்தால்தான் இணைந்த கணிதம் கட்டாயம். சொட்டுத் தண்ணீரைத் தேடுகிற பிள்ளைக்கு இரசாயனவியல்தான் உயிர்நாடி, அது இரண்டிலும் இருக்கிறது. அவளுக்கு எதில் கை ஓடுகிறதோ அதை எடுக்கட்டும். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் போகிறது. கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்குத் தனியே 5 வீதம் இருக்கிறது, திருகோணமலை அந்தப் பட்டியலில் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அந்த வருடத்துப் பதிப்பாகவே வாங்கிப் பாருங்கள், விதிகள் மாறும்.

என் முதல் தெரிவு பேராதனை விஞ்ஞான பீடம், அங்கே புவிச்சரிதவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. பாறையைப் பொறியியலாகப் படிக்க மொறட்டுவையில் புவி வளப் பொறியியல் துறை. கனிய வளம் படிக்க ஊவா வெல்லஸ்ஸ. பேராதனையில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பெறுபேறு வந்தபிறகு ஆங்கிலம் பழகலாம் என்று இருக்கவே கூடாது. இங்கிருந்து போகிற பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, மொழியால். அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

குகையையே ஆழமாகப் படிக்கும் இடங்கள் அதற்குப் பிறகு, வெளிநாட்டில். சுண்ணாம்பு நிலத்துக்கு உலகம் முழுவதும் சொல்லும் "கார்ஸ்ட்" என்ற பெயரே ஸ்லோவேனியாப் பக்கத்து ஒரு பிரதேசத்தின் பெயரில் இருந்து வந்தது. அங்கே போஸ்தொய்னாவில் 1947இல் தொடங்கிய கார்ஸ்ட் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ருமேனியாவின் குளுஜில் 1920இல் எமில் ரக்கோவிட்சா உலகின் முதல் குகையியல் நிறுவனத்தைத் தொடங்கினார். சீனாவின் குயிலினிலும் பெரிய நிலையம் உண்டு. இந்தப் படிகளுக்குப் புலமைப்பரிசிலோடுதான் போக வேண்டும். காணியை ஈடுவைத்துப் போகும் படிப்பு இது அல்ல. என்னிடம் படித்த ஒரு மாணவனின் குடும்பம் ஒரு முகவருக்கு இலட்சக்கணக்கில் கட்டிவிட்டு, அந்தப் பாடநெறியே அங்கே இல்லை என்று பிறகுதான் அறிந்தது. யாராவது "குகை ஆராய்ச்சிப் பட்டம், உடனே விசா" என்று வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

இந்த விடுமுறைக்கு அவளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் சூடு ஒரேமாதிரி இல்லை. ஒரு வெப்பமானியும் கொப்பியும் எடுத்து, ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் ஏழையும் அளந்து எழுதட்டும். மழை பெய்ததா என்பதையும் குறிக்க வேண்டும். நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் செய்ய இன்னொன்று: யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றிலும் கோணேசர் மலைப் பக்கத்துக் கல் ஒன்றிலும் வினாகிரி விட்டுப் பார்க்கட்டும். எது நுரைக்கிறது, ஏன் நுரைக்கிறது என்று அவளே எழுத வேண்டும். புறாமலை முருகைக்கல்லைத் தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள், அது பாதுகாக்கப்பட்ட பூங்கா.

ஆறு கிழமை அந்தக் கொப்பியை விடாமல் எழுதினாள் என்றால் நீங்களும் நானும் தகப்பனோடு ஒருமுறை வட்சப்பில் பேசுவோம். நாலாம் கிழமையே அலுத்துப்போனால் அதையும் மறைக்காமல் சொல்லட்டும், அவளோடு கோபிக்க வேண்டாம், வேறு வழி பார்க்கலாம். எப்படியோ உயர்தர வகுப்புக்குப் பெயர் கொடுக்க முன்னர் ஒரு சனிக்கிழமை பின்நேரம் வாருங்கள். நாலு மணிக்குப் பிறகு ஆட்கள் குறைவு. கொப்பியைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்