டிஎம்இசட்டிலிருந்து ஆக்டிவ் டைரக்டரி லாகின்: கேள்வி பதில்

கேள்வி: வெப் சர்வர் டிஎம்இசட்டில், அதாவது இன்டர்நெட்டுக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் இடையில் ஃபயர்வால் பிரித்துவைத்த பகுதியில் இருக்கிறது. ஊழியர்களின் அக்கவுன்ட்களை வைத்திருப்பது மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி. அந்த ஆபீஸ் பாஸ்வேர்டிலேயே அவர்கள் லாகின் செய்யவேண்டும். ஃபயர்வாலில் எந்தெந்த போர்ட்டைத் திறக்கணும் சார்?

பதில்: பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் டிசிபி 636 போதும். அதாவது எல்டாப்ஸ்: டைரக்டரியோடு பேசும் எல்டாப் முறையின் என்க்ரிப்ட் செய்த வடிவம். அதையும் அந்த வெப் சர்வரின் ஐபியிலிருந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு டொமைன் கன்ட்ரோலர்களுக்கு (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்கள்) மட்டும் திறங்கள். மொத்த சப்நெட்டுக்கும் ரூல் எழுதாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் 389 ஏற்கெனவே திறந்திருக்கிறது, நன்றாக ஓடுகிறது. மாற்றியே ஆகணுமா?

பதில்: மாற்றுங்கள். 389 என்பது சாதாரண எல்டாப். அதில் சிம்பிள் பைண்ட், அதாவது பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைவது, செய்தால் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகும். வெளியிலிருந்து நுழைபவன் முதலில் கால்வைக்கும் இடம் டிஎம்இசட்தான்.

கேள்வி: சர்வரை டொமைனில் (ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் கூட்டத்தில்) ஜாயின் பண்ணிவிட்டால் சுலபம் என்கிறார் வெண்டர்.

பதில்: அவருக்குச் சுலபம். உங்களுக்கு 53, 88, 135, 389, 445, 464 எல்லாம் திறக்கவேண்டி வரும். அதற்கு மேல் ஆர்பிசிக்கு (விண்டோஸ் மெஷின்கள் ஒன்றையொன்று வேலை வாங்கும் முறை) 49152 முதல் 65535 வரை. ஆர்பிசியை ரெஜிஸ்ட்ரியில் குறிப்பிட்ட போர்ட்டுகளில் நிறுத்தலாம். ஆனால் டிஎம்இசட்டிலிருந்து டொமைன் கன்ட்ரோலருக்கு 445 (ஃபைல் ஷேரிங் போர்ட்) திறப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஜாயின் தவிர்க்கவே முடியாது என்றால், விண்டோஸ் சர்வர் 2008-இல் வந்த ரீட்-ஒன்லி டொமைன் கன்ட்ரோலரை (படிக்க மட்டுமே முடிகிற நகல்) இடையில் வையுங்கள். அட்மின்களின் பாஸ்வேர்டை அது இயல்பாகவே சேமித்து வைக்காது. ஆனால் ரெப்ளிகேஷனுக்காக, அதாவது டேட்டாவை நகலெடுக்க, அதற்கும் உள்ளே வழி விட்டாகவேண்டும்.

கேள்வி: அண்ணா, சர்டிபிகேட் சரிபார்ப்பை ஆஃப் செய்தால்தான் எல்டாப்ஸ் வேலை செய்கிறது.

பதில்: ஆஃப் செய்தால் எதிரில் இருப்பது உங்கள் சர்வர்தானா என்பதே தெரியாமல் பாஸ்வேர்டை நீட்டுகிறீர்கள் தம்பி. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. உங்கள் உள் சிஏவின் (சர்டிபிகேட் வழங்கும் சர்வர்) ரூட் சர்டிபிகேட் வெப் சர்வரில் இல்லை. அல்லது, சர்டிபிகேட்டில் சர்வரின் முழுப்பெயர் இருக்க, நீங்கள் ஐபி கொடுத்திருக்கிறீர்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று சொல்வது) ஒரு வரி சேர்த்துவிட்டு, பெயரால் கூப்பிடுங்கள்.

கேள்வி: பைண்டுக்கு டொமைன் அட்மின் அக்கவுன்ட் கொடுத்திருக்கிறோம், பரவாயில்லையா?

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தேடிப் பார்க்க ஒரு சாதாரண யூசர் போதும். அப்புறம் ஆப்பின் புரோகிராம் கோடையும் பாருங்கள், ஃபயர்வால் தடுக்க முடியாத ஓட்டை அங்கே இருக்கலாம். சரியான யூசர்நேமோடு பாஸ்வேர்டைக் காலியாக அனுப்பினால், எல்டாப் அதை அடையாளமில்லாத பைண்டாக எடுத்துக்கொண்டு "வெற்றி" என்று பதில் தரக்கூடும். எல்டாப்பின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 4513-லேயே இந்த எச்சரிக்கை உண்டு. காலிப் பாஸ்வேர்டை ஆப்பே நிராகரிக்கவேண்டும். யூசர் தட்டும் பெயரில் நட்சத்திரம், அடைப்புக்குறி வந்தால், டைரக்டரியில் தேடும் ஃபில்டரில் எஸ்கேப் செய்யவேண்டும், அதாவது வெறும் எழுத்தாக மாற்றவேண்டும். வெளியாள் தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊழியர்களின் அக்கவுன்ட்டைப் பூட்டிவிடவும் முடியும். ஆகவே டொமைன் லாக்அவுட் எண்ணிக்கை வருமுன்பே ஆப் தடுத்து நிறுத்தட்டும்.

கேள்வி: டைரக்டரி போர்ட்டே திறக்காமல் முடியாதா?

பதில்: ஆப் சாம்ல் அல்லது ஓப்பன்ஐடி கனெக்ட் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வேலையை வேறொரு லாகின் சர்வரிடம் விடும் முறைகள்) பேசும் என்றால் முடியும், நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான். மைக்ரோசாஃப்டின் லாகின் சர்வரான ஏடிஎஃப்எஸ் உள்ளே, வெளியிலிருந்து வருவதை அதற்குக் கடத்தும் வெப் அப்ளிகேஷன் ப்ராக்ஸி டிஎம்இசட்டில். நடுவில் 443 மட்டும். அடுத்த முறை ஆப் வாங்குமுன் வெண்டரிடம் சாம்ல், ஓப்பன்ஐடி கனெக்ட் இரண்டில் எது இருக்கிறது என்று கேளுங்கள்.